இருபத்தாறு மில்லிமீற்றர்

கல்லாயிருக்குமென்றுதான் போனேன்.
முதுகுக்குக் கீழே இடப்பக்கம்
ஒரு கிழமையாகக் கொளுவி இழுத்தது.
மட்டக்களப்பு டவுனில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஸ்கேன்.
நாலு போத்தல் தண்ணீரைக் குடித்து, அடக்கிக்கொண்டு,
இருபத்தொன்பதாம் நம்பர் துண்டு கையில் நனைய
ஒரு பின்னேரம் முழுக்க.

குளிர்ந்த பசை.
"மூச்சை இழுத்துப் பிடியுங்க ஐயா."
திரையில் சாம்பல் மழை.
மழைக்குள் ஒரு கறுப்பு வட்டம், நனையாமல்.
டொக்டர் ஷிஹாறா அதன் இரண்டு கரையிலும்
கூட்டல் குறி வைத்து அளந்தா.
கல் இல்லை. நீர்க்கட்டி. இடது கிட்னி.
இருபத்தாறு மில்லிமீற்றர்.

கிட்னி என்ற சொல் எனக்கு ஒரு ஆளின் பெயர்.
தெஹியத்தகண்டிப் பக்கம் வேலை செய்த காலம்
என்னோடு வாய்க்கால் அளந்த விமலதாச,
ஊசி குத்திக் குத்தி வீங்கின கையைத்
தொட்டுப் பார்க்கச் சொல்லுவான்.
தோலுக்குக் கீழே மோட்டர் ஓடுகிற மாதிரி அதிரும்.
அந்தப் பெரும்போக அறுவடையை அவன் காணவில்லை.

அதைத்தான் சொன்னேன்.
"அது வேற, இது வேற.
இதுக்கு வருத்தம் என்டு பேர் வைக்கேலாது.
ஐம்பது தாண்டினவங்களை இந்தக் கட்டில்ல படுக்கவைச்சா
மூணு நாலு பேருக்கு ஒருத்தருக்காவது கிடக்கும்.
ஆம்பிளைகளுக்குக் கூட. வயசு போகப் போக இன்னும் கூட.
சுவர் மெல்லிசு, உள்ளுக்குத் தெளிஞ்ச தண்ணி.
வருசத்துக்கு ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் வளரும்,
சிலது அப்பிடியே கிடக்கும்.
காய்ச்சலோடு நோவு வந்தா, சலத்தில ரத்தம் கண்டா மட்டும்
பிந்தாம வாங்க."
"அப்ப என்ர முதுகு?"
"அது உங்கட மோட்டார் சைக்கிள்."

உன்னிச்சை வரைக்கும் அந்த மோட்டார் சைக்கிளில்தான் வந்தேன்.

எனக்குத் தண்ணீர் அளக்கிற உத்தியோகம்.
காலை ஆறரைக்கு அணைக்கட்டில் இறங்கி
துருசடி மட்டக்கோலைப் பார்த்து
அடி, அங்குலம், கொப்பியில்.
மார்கழியில் ஒரே இரவில் மூன்றடி ஏறும்,
வான்கதவு திறக்க நடுச்சாமத்தில் போன் அடிக்கும்.
வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் ஏறுகிற தண்ணீரை
எந்தக் கோலில் வாசிக்கிறது?

சொல்லக்கூடாதென்றுதான் இருந்தேன்.
தேத்தண்ணி நேரம் வாய் தவறிவிட்டது.
மேற்பார்வையாளர் பூபாலரெத்தினம்
பணிஸைத் தோய்த்தபடியே,
"எனக்கு ரெண்டு கிடக்கு" என்றார்,
மாட்டுக் கணக்குச் சொல்லுகிற குரலில்.
லொறி ஓடுகிற ஆதம்லெப்பைக்கு நாலு சென்ரிமீற்றர்.
ஹஜ்ஜுக்குப் போகமுதல் செக்கப்பில் கண்டதாம்.
போய், வந்து, ஏழு வருசம்.
முப்பது வயசுக் கிளாக்கர் மட்டும்
எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
சட்டையை இழுத்துவிட்டான்.

தங்கரூபி றிப்போட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"எப்ப இருந்துகா இது?"
பாயில் இருந்து பின்னோக்கி எண்ணினோம்.
வருடத்துக்கு இரண்டாக வைத்தால் பதின்மூன்று வருடம்,
உன்னிச்சைக்கு மாற்றம் கிடைத்த ஆண்டு.
ஒன்றாக வைத்தால் இருபத்தாறு,
எங்கள் கலியாணம்.
"அப்ப என்னாலதான்" என்றாள்.
ஒரு கிழமைக்குப் பிறகு சிரித்தேன். முதுகு கொளுவியது.
"மறுகா என்ன செய்யிறது?"
மறுகா ஒன்றும் இல்லை.
சீற்றை மாற்றச் சொன்னாள், மாற்றினேன்.

அடுத்த மாரிக்கு முன்னம் இன்னொருதரம் போனேன்.
போகத் தேவையில்லை, அளக்கிறவன் புத்தி.
இருபத்தேழு.
வலப்பக்கம் புதிதாய் ஒன்று, எட்டு.
டொக்டர் ஷிஹாறா மூச்சை விடச் சொன்னா.

மட்டக் கொப்பியின் பின்மட்டையில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், திகதியோடு.
இருபத்தாறு. அதற்குக் கீழே இருபத்தேழு.
பக்கத்தில் சின்னதாய் எட்டு.
கீழே வெறும் இடம் நிறையக் கிடக்கிறது.